துறையூர்க் கடல்

நனைந்த ஸ்வெட்டர்கள் பத்துப் பன்னிரண்டு ஒரே அறைக்குள் மெல்லக் காயும்போது ஒரு வாடை எழும்; ஆட்டுப்பட்டிக்குள் யாரோ நீலகிரித் தைலப் புட்டியைக் கவிழ்த்துவிட்டது போலிருக்கும். குன்னூரில் ரெஜினா டீச்சர் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வாடைக்குள் உட்கார்ந்துதான் நான் டிவி பார்த்தேன். இன்றைக்கும் மழைநாளில் பஸ்ஸுக்குள் ஈரக் கம்பளி மணம் ஏறினால் மற்றவர்கள் ஜன்னலைத் திறக்கிறார்கள். எனக்கு மட்டும் அடுத்த நிமிடம் ஓர் இன்ஸ்பெக்டர் வந்து கதவைத் தட்டப்போகிறார் என்று கண் வாசல் பக்கம் போகிறது.

இன்ஸ்பெக்டர் நாடகத்தில் வருகிறவர். ஞாயிறு காலைப் பூசை முடிந்து டீச்சர் வீடு திரும்பும் நேரத்துக்குச் சரியாகத் தொடங்கும் இந்தி நாடகம் அது. எதிரி நாட்டிலிருந்து அனுப்பப்பட்ட ஓர் ஆணும் பெண்ணும் புருஷன் பெண்டாட்டியாக வேஷம் போட்டு, நம் நாட்டில் ஏதோ ஒரு பெரிய ஊரில் துணிக்கடை வைத்துக்கொண்டு, பகலில் சேலை விற்று மிச்ச நேரத்தில் உளவு பார்ப்பார்கள். பெயர் இந்தியில் நீளமாக எதுவோ. நாங்கள் "ஒற்றன் நாடகம்" என்போம். எங்களில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. பூனா வரைக்கும் தேயிலை லோடு அடித்த லாரி டிரைவர் சின்னராஜ் மாமா, டீச்சரின் மூன்று வாடகை வீடுகளில் மேல் வீட்டுக்காரர், மொழிபெயர்ப்பாளர் பதவியைத் தாமாகவே எடுத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த இந்தி டீசலுக்கும் சப்பாத்திக்கும் போதுமானது. மிச்சத்தைக் கற்பனையில் ஓட்டினார்.

"ஏனுங்க சின்னராசு, இவங்க நெசமாலுமே புருஷன் பொண்டாட்டிதானா?" என்று டீச்சர் முதல் வாரமே கேட்டார்.

"கெவர்மென்ட்டு கட்டி வச்ச கல்யாணமுங்க டீச்சர். அவங்க கெவர்மென்ட்டு."

"அப்ப இந்தச் சண்டை?"

"அது மட்டும் நெசமுங்க."

முதலில் அறை முழுவதும் அந்த இருவருக்கும் எதிராகத்தான் இருந்தது. "தூக்குல போடோணும், சோறு திங்கற நாட்டுக்கே துரோகம்" என்று சின்னராஜ் மாமா திரையைப் பார்த்து விரலை ஆட்டுவார். நாலைந்து வாரத்தில் என்ன ஆனதோ, அந்தப் பெண் சமையலறையில் தனியாக நின்று சத்தமில்லாமல் அழுத ஒரு காட்சிக்குப் பிறகு கட்சி மாறிவிட்டது. இன்ஸ்பெக்டர் தெருமுனையில் தலைகாட்டினாலே மாமா, "ஏ புள்ள, பொறவாசல்ல போ, பொறவாசல்ல போ" என்று இந்திக்காரிக்குத் தமிழில் வழி சொல்வார். டீச்சர் இன்னும் ஒரு படி மேலே போனார். வீட்டு ஜெபமாலையில், நோயாளிகளுக்காகவும் பயணம் போகிறவர்களுக்காகவும் வேண்டிக்கொண்ட பிறகு, "டிவியில் வர்ற அந்தப் புள்ளைக்காகவும்" என்று சேர்த்துக்கொண்டார். எதிரி நாட்டு உளவாளிக்காக மாதாவிடம் மனுப் போட்ட வீடு குன்னூரில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்த அறையில் வாயே திறக்காமல் நாடகம் பார்த்தவர்கள் என் அப்பாவும் அம்மாவும். பார்வையாளர்களிலேயே தேர்ந்தவர்கள் அவர்கள்தான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக் கொண்டியும் போட்ட பிறகு அம்மா மெதுவாக ஆரம்பிப்பாள்: "என்னாத்துக்கு அவ அவ்வளவு பேசுறா? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு அடுப்பப் பாக்கப் போயிருக்கணும். பொழைக்கத் தெரியாதவ." அப்பா தலையாட்டுவார். தச்சன் வேலையைத் தச்சன் குறை சொல்வது போல இருக்கும்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் மூன்று பேருமே மறைந்து வாழ்கிறவர்கள், சம்பளம்தான் கிடையாது. அப்பாவும் அம்மாவும் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து, சின்ன வயதில் அவரவர் குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர்கள். இரண்டு அரசாங்கங்களும் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொண்டுவந்த குடும்பங்கள். ஒளிக்க ஒன்றுமே இல்லை. ஆனால் அங்கே போர் மூண்டிருந்த அந்த வருஷங்களில் சிலோன் என்ற சொல் வாயில் வந்தால் பின்னாலேயே போலீசும் வரும் என்று ஊருக்குள் ஒரு பேச்சு இருந்தது. கல்யாணமாகி நான் பிறந்த பின்பு எங்களுக்குக் கிடைத்தது பள்ளத்தில் ஒரு தகரக் கொட்டகை. சுவரில் கை வைத்தால் ஈரம் கையோடு வரும். அம்மாவுக்கு அங்கேதான் மூச்சிழுப்பு வந்தது. இரவெல்லாம் உட்கார்ந்தபடியே தூங்குவாள். உலர்ந்த சுவரும் வெயில் விழும் வாசலுமாக ரெஜினா டீச்சரிடம் வீடு இருக்கிறது என்று கேள்விப்பட்டு அப்பா போய் நின்றபோது, டீச்சர் வாசலிலேயே சொல்லிவிட்டாராம்: "சிலோன்காரங்களுக்கு மட்டும் குடுக்கறதில்லீங்க. முன்னால ஒருத்தருக்குக் குடுத்துட்டு, விசாரணைன்னு போலீஸ் வந்து நின்னு, பட்டது போதுமுங்க. நீங்க எந்தூருங்க?"

அப்பா திரும்பி, என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கி நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"துறையூருங்க" என்றார்.

முழுப் பொய்யும் இல்லை. அப்பாவின் பாட்டனாருக்குப் பாட்டனார் துறையூர்ப் பக்கமிருந்துதான் சிலோனுக்குப் போனார் என்பது குடும்பத்துப் பேச்சு. அவருக்குப் பிறகு எங்களில் ஒருவரும் அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அம்மாவின் ஆணை ஒன்றே ஒன்று: "வாச தாண்டுனா நம்ம ஊரு துறையூர்டா, மறந்துறாத." வீட்டுக்குள் "தேத்தண்ணி", வெளியே டீ. வீட்டுக்குள் "லயம்", வெளியே லைன் வீடு. அம்மா கொங்குத் தமிழைப் பிடித்துக்கொண்ட வேகத்தில் அதற்கு உப்பைக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டாள். "மழை வருதுங்க, பூனை போகுதுங்க" என்று பூனைக்கும் மரியாதை கொடுத்தாள். அப்பா வர்க்கி பிஸ்கட் சுடும் பேக்கரியில் வேலை பார்த்தார். மாவு முகம் பூராவும் அப்பியிருப்பதால் அவருக்கு வேஷம் தனியாகத் தேவைப்படவில்லை.

பலவீனமான ஒற்றன் நான்தான். பத்து வயதில் எனக்கு வாய் சும்மா இராது. ஒருநாள் டீச்சர் என்னை மடக்கி, "உங்க ஊர்ல என்னென்ன இருக்குது கண்ணு?" என்று கேட்டபோது, துறையூரை எப்படியாவது உயர்த்திவிட வேண்டும் என்ற வெறியில், "கடல் இருக்குதுங்க டீச்சர், பெரிய கப்பலெல்லாம் வந்து நிக்குமுங்க" என்றேன். அப்பா அம்மா பேச்சில் எப்போதும் ஒரு கப்பல் வருமல்லவா, அதைக் கொண்டுபோய்த் துறையூரில் நிறுத்திவிட்டேன். டீச்சர், "அப்படியா கண்ணு" என்று சொல்லி என் கன்னத்தைக் கிள்ளினார். திருச்சிக்கு வடக்கே, கடலை எட்டிக்கூடப் பார்க்க முடியாத தூரத்தில் துறையூர் இருக்கிறது என்பதும், ரெஜினா டீச்சர் பள்ளிக்கூடத்தில் நடத்தியது பூகோளம் என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

நாடகம் உச்சத்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை விடாத மழை. மலைப்பாதையில் மரம் விழுந்து பால் வண்டி வரவில்லை. "இன்னிக்குக் கறுப்பு டீதானுங்க, சர்க்கரை வேணுங்கறவங்க வேணுங்கற அளவு போட்டுக்குங்க" என்று டீச்சர் டம்ளர்களையும், ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் சர்க்கரையையும் கொண்டுவந்து வைத்தார். திரையில் இன்ஸ்பெக்டர் அவர்கள் வீட்டுக்கே விருந்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார். சிரித்துச் சிரித்துப் பேசுகிறார். அவருக்கு எல்லாம் தெரியுமா, ஒன்றும் தெரியாதா என்று தெரியவில்லை. அந்தப் பெண் பரிமாறுகிறாள். சின்னராஜ் மாமா மொழிபெயர்ப்பையே மறந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் பால் சேராத தேத்தண்ணியை எப்படிக் குடிப்போம் என்றால், சீனியை அதில் கலக்க மாட்டோம். இடது உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிக்கொண்டு, அதை ஒரு நக்கு, சூடாக ஒரு மிடறு, மறுபடி ஒரு நக்கு. அங்கே தோட்டத்தில் அப்படித்தான் குடிப்பார்களாம். கொண்டி போட்ட கதவுக்குள் தினமும் நடக்கும் இந்தக் காரியத்தை, அன்றைக்கு அம்மா, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், அத்தனை பேர் நடுவில் செய்தாள். கிண்ணத்தை எடுத்துத் தன் கையில் சாய்த்துக்கொண்டாள். நக்கினாள். குடித்தாள். பிறகு பக்கத்தில் பார்க்காமலேயே கிண்ணத்தை நீட்டினாள், அப்பாவும் பார்க்காமலேயே இடது கையை விரித்தார், அவள் கொட்டினாள். அத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்த பழக்கத்தில் ஒரு துளி சிந்தவில்லை. நானும் நீட்டினேன். எனக்கும் விழுந்தது. எங்கள் குடும்பம் ஒற்றுமையான குடும்பம், மாட்டிக்கொண்டால்கூட மொத்தமாகத்தான்.

"அட, இதென்னங்க கூத்து?" என்று சின்னராஜ் மாமா எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவரிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. "கோத்தகிரிப் பக்கம் லோடு ஏத்தறப்ப பாத்திருக்கறனுங்க, அங்க இந்தச் சிலோன்..."

"சின்னராசு! அங்க பாரு, கதவைத் தட்டறாங்க!" என்று டீச்சர் கத்தினார்.

எல்லோரும் திரும்பினோம். திரையில் கதவும் இல்லை, தட்டுகிறவனும் இல்லை. சோப்புத்தூள் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா கையை மூடிக்கொண்டார். மிச்ச நாடகம் முழுவதும் அந்தக் கை முட்டியாகவே அவர் மடியில் கிடந்தது. வீட்டுக்கு வந்து திறந்தபோது சீனி கரைந்து விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. அம்மா ஈரத்துணி கொண்டுவந்து அந்தக் கையை விரல் விரலாகத் துடைத்தாள். எனக்கு வந்தது வெட்கம், அதையும் சொல்லிவிடுகிறேன். பிடிபட்டோமே என்பதைவிட, மாடு உப்புக்கல்லை நக்குவது போல அம்மா கையை நக்கியதை எல்லோரும் பார்த்தார்களே என்ற வெட்கம். அந்த அறையில் அதே வேலையை அதே நேரத்தில் செய்த மூன்றாவது மாடு நான்தான் என்பது அப்போது கணக்கில் வரவில்லை.

அடுத்த ஞாயிறு போகாமலிருந்தால் சந்தேகம் வரும் என்று அப்பா அழைத்துப் போனார். அன்றைக்குப் பால் வண்டி வந்திருந்தது; சமையலறையில் பால் காயும் வாசனையே அடித்தது. மற்றவர்களுக்கெல்லாம் பால் டீ வந்தது. எங்களுக்கு முன்னால் மட்டும் டீச்சர் மூன்று டம்ளர் கறுப்பு டீயும் அந்தக் கண்ணாடிக் கிண்ணமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி அங்கேயே நின்றார். "குடிங்க" என்றார்.

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "பால் டீயே குடுத்துருங்க டீச்சர். இந்தக் கறுப்பு டீயெல்லாம் எங்க துறையூர்ப் பக்கம் பழக்கமில்லீங்க."

டீச்சர் டம்ளர்களை எடுத்தார். கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பால் டீ வந்தது. அவ்வளவு கசந்த டீயை நான் குடித்ததில்லை. யாரும் சர்க்கரையே போடவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"சோதிச்சுப் பாக்குறாங்க" என்றார் அப்பா அன்று வீட்டுக்குள். "அவங்களா எறக்கிவிடறதுக்கு முன்னால நாமளே போயிறலாம்." நாடகத்தில் அந்த இன்ஸ்பெக்டரும் இப்படித்தான் விருந்தாடியாக வந்து உட்கார்ந்தான், சிரித்துச் சிரித்துப் பேசினான். எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்த வேறு உதாரணம் இல்லை. கோத்தகிரி பேக்கரியில் வேலை கிடைத்திருப்பதாக அப்பா டீச்சரிடம் சொன்னார், அதுவும் பொய். அந்த மாதம் முடிவதற்குள், ஓடைக்கரையில் பழையபடி ஓர் ஈரச்சுவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பயந்து வீட்டைக் காலி செய்த ஒற்றர்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான். அம்மாவுக்கு அந்த மழைக்கே இழுப்பு திரும்பி வந்தது. அதற்கப்புறம் முழுதாக விட்டுப் போகவே இல்லை. அவள் உட்கார்ந்தபடி மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருக்க, பக்கத்தில் படுத்துக்கொண்டு நான், நாடகத்தின் கடைசி வாரங்களைப் பார்க்க முடியாமல் போயிற்றே என்று அழுதேன்.

அந்த முடிவை நான் தெரிந்துகொண்டது போன வருஷம்தான்.

வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்த்துக் குறிக்கிற வேலை எனக்கு. யார் வீட்டுக் கதவையும் தட்டலாம், யாரும் என் ஊரைக் கேட்க மாட்டார்கள். என் பயிற்சிக்குப் பொருத்தமான உத்தியோகம். புதிதாக ஒதுக்கிய தெருக்களில் அந்த வீடும் இருந்தது. ரெஜினா டீச்சர்தான் திறந்தார். சுருங்கி, பாதியாகியிருந்தார். சுவரில் ஆளுயர டிவி ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க அவர் ஒருத்தர். என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"வர்க்கிக்காரர் பையனா கண்ணு நீ? உள்ள வா. அம்மா சௌக்கியமா?"

அப்பா தவறிவிட்டதைச் சொன்னேன், அம்மா என்னோடு இருப்பதைச் சொன்னேன். சின்னராஜ் மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அவர் சொன்னார். பிறகு நான் கேட்டேன்: "டீச்சர், அந்த ஒற்றன் நாடகம் எப்படி முடிஞ்சுதுங்க?"

"மாட்டலை கண்ணு" என்றார் டீச்சர். "ஒரு நாள் ஊட்டைப் பூட்டிட்டுக் கெளம்பிப் போயிட்டாங்க. எங்க போனாங்கன்னு காட்டவேயில்லை. சின்னராசுக்கு வந்த கோவத்தைப் பாக்கோணுமே! டிவியைப் போட்டு அடிக்கவே போயிட்டான். எனக்கு வருத்தம்தான். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம். நாம என்ன புடிச்சா குடுத்துருக்கப் போறோம்? என்னமோ அன்னிக்கு வாசல்ல நின்னுட்டு நானும் யோசிக்காம ஒரு பேச்சுப் பேசிட்டேன். அதுக்கப்புறம் அதை எப்படித் திருப்பி எடுக்கறதுன்னு தெரியல கண்ணு."

நாடகத்தில் டீச்சர் எங்கே வாசலில் நின்றார் என்று நான் கேட்கவில்லை.

அவர் தள்ளாடி எழுந்துபோய் டீ கொண்டுவந்தார். கறுப்பு டீ. பக்கத்தில் சர்க்கரைக் கிண்ணம். அதே கிண்ணமாக இருக்க முடியாது, என் கண்ணுக்கு அதுவாகத்தான் தெரிந்தது.

"இப்பவாச்சும் சொல்லு கண்ணு. நீங்க சிலோன்தானே?"

இப்போது யாருக்கு என்ன பயம்? எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, அரசாங்க உத்தியோகம் எல்லாம் இருக்கிறது. எதிரில் எண்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, எத்தனையோ வருஷமாகக் கையில் வைத்திருந்ததை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் வாயைத் திறந்தேன்.

"இல்லீங்க டீச்சர், துறையூருங்க."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. நாக்கு என்னைக் கேட்கவே இல்லை. கிண்ணத்தைப் பார்க்க முடியாமல், "சர்க்கரை வேண்டாங்க, எனக்குச் சுகருங்க" என்று அடுத்த பொய்யையும் கையோடு சேர்த்துச் சொன்னேன்.

டீச்சர் என்னைப் பார்த்தார். பொக்கை வாயில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"ஓ" என்றார். "அந்தக் கடல் இருக்கற துறையூரா?"

டீயை ஒரே மூச்சில் நாக்கு வேகக் குடித்துவிட்டு, மீட்டரைக்கூடச் சரியாகப் பார்க்காமல் படியிறங்கினேன். தெருவில் நின்று எனக்கு நானே ஒரு தீர்மானம் போட்டுக்கொண்டேன்: அடுத்த முறை வரும்போது கேட்பதற்கு முன்னால் நானே கையை நீட்டிச் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டு, அவர் கண் எதிரில் நக்கிக் குடிப்பது. தீர்மானத்தில் ஒரு குறையும் இல்லை. அடுத்த முறை போனபோது வீடு பூட்டியிருந்தது. கோயம்புத்தூரில் மகள் வீட்டில் வைத்துத் தவறிவிட்டாராம்.

இப்போது அந்த மூன்று வாடகை வீடுகளும் டீச்சர் வீடும் ஒன்றாகி, விருந்தினர் விடுதியாகிவிட்டன. மீட்டரை வணிக இணைப்பாக மாற்றிக்கொடுத்ததே நான்தான். ஒவ்வோர் அறையிலும் ஒரு டிவி; தங்க வருகிறவர்கள் அதையும் பார்ப்பதில்லை, ஆளுக்கொரு போனைக் காதில் மாட்டிக்கொண்டு தனித்தனியாகச் சிரிக்கிறார்கள். எதிரி நாட்டுப் பெண்ணுக்குப் பொறவாசல் காட்டிக் கத்த ஆளில்லை, அவளுக்காக மாதாவிடம் முறையிடவும் ஆளில்லை. முன்னறையில் ஈரக் கம்பளி வாடை போய், எலுமிச்சை மணத்தில் ஏதோ தெளிக்கிறார்கள்.

டீச்சர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சாயங்காலமானால் அவள் எங்கள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, இடது கையில் சீனியை வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறாள். அந்நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தால் அவள் கை தானாகவே மூடிக்கொள்ளும். பிறகு அதைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொள்வாள். அவள் துடைத்து முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டுத்தான் நான் போய்க் கதவைத் திறக்கிறேன்.